ஏரியின் எல்லையை யார் வரைவது?

2025 செப்டம்பர் 26 இரவு மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. பயணிகள் சிக்கித் தவித்தனர். கரையோரக் குடியிருப்புகளில் இருந்த உழைப்பாளிக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறின. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, அதே நகரின் அம்பர்பேட் பகுதியில் மீட்டெடுக்கப்பட்ட பதுகம்ம குண்ட என்ற குளத்தை முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி திறந்துவைத்தார். 1908ஆம் ஆண்டு இதே செப்டம்பர் 28 அன்றுதான் மூசி வெள்ளம் ஏறத்தாழ 15,000 உயிர்களைப் பலிகொண்டது. அந்தப் பேரழிவுக்குப் பின்னரே விசுவேசுவரய்யாவின் திட்டப்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன.

பதுகம்ம குண்ட மீட்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். 1962-63 ஆவணங்களின்படி அதன் பரப்பு 14 ஏக்கருக்கும் மேல். இன்று எஞ்சியிருப்பதும் மீட்கப்பட்டிருப்பதும் ஐந்து ஏக்கர் சொச்சம். மீதிப் பரப்பு அரை நூற்றாண்டில் கட்டட இடிபாடுகளாலும் குப்பையாலும் நிரப்பப்பட்டு மனைகளாயிற்று. ஏழு கோடிக்கும் மேற்பட்ட ரூபாய் செலவிட்டு மூன்றில் ஒரு பங்கை மீட்டதைக் கொண்டாடும்போது, மற்ற இரண்டு பங்கு எவரது கையெழுத்தில், எவரது லாபத்துக்காகக் காணாமற் போயிற்று என்ற கேள்வியைக் கைவிட்டுவிட முடியாது.

வானில் பறக்கும் கண்

தெலங்கானா காங்கிரஸ் அரசு 2024 ஜூலை 19 அன்று அரசாணை 99 மூலம் ஹைட்ரா என்ற பேரிடர் மீட்பு மற்றும் சொத்துப் பாதுகாப்பு முகமையை உருவாக்கியது. வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதி முழுவதிலும் ஏரிகள், வாய்க்கால்கள், அரசு நிலங்கள் ஆகியவற்றைக் காப்பது அதன் பொறுப்பு. தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் படங்கள், சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள், வருவாய்த் துறையின் கிராம வரைபடங்கள், ட்ரோன் படங்கள் ஆகியவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி ஏரியின் எல்லையை நிறுவுவதே இன்று பேசப்படும் வழிமுறை. நாட்டின் பல மாநிலங்களில் ஈரநில மீட்பு இதே திசையில் நகர்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தின் பயன் பெரிது. பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டர். அதில் ஒரு குடிசை தெரியாது. ஏரிக்குள் கொட்டப்பட்ட பத்து லாரி மண்ணும் தெரியாது. தாழப் பறக்கும் ட்ரோன் சில சென்டிமீட்டர் நுட்பத்தில் படமெடுக்கிறது. ஒன்றோடொன்று மேற்படியும் நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து, தரையில் துல்லியமாக அளந்து குறிக்கப்பட்ட புள்ளிகளோடு பொருத்தினால், மேடுபள்ளம் உட்பட முழு வரைபடம் கிடைக்கும். மாதந்தோறும் அதே பாதையில் பறக்கவிட்டால் சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையே எவ்வளவு மண் கொட்டப்பட்டது என்பதைக் கன மீட்டரில் கணக்கிடலாம். அகச்சிவப்பு ஒளியைப் பதியும் கேமரா பொருத்தினால் ஆகாயத்தாமரை எந்த மூலையிலிருந்து பரவுகிறது என்பதும் தெரியும். பதுகம்ம குண்ட போல மீட்கப்பட்ட குளம் மீண்டும் களவு போகாமல் கண்காணிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. விஞ்ஞானத்தை உழைக்கும் மக்களின் கையில் சேர்க்கப் போராடும் இயக்கம் இதனை எதிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

ஆயினும் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதைக் கட்சி அணிகள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கலங்கிய நீருக்கு அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்பதைச் சாதாரண ட்ரோன் கேமரா காட்டாது. அதற்குப் படகிலிருந்து ஆழம் அளக்க வேண்டும். மதகின் வழியே நுழைவது மழைநீரா, தொழிற்சாலைக் கழிவா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஏரியின் சட்டப்பூர்வ எல்லையையே கேமரா நேரடியாகப் பார்ப்பதில்லை என்பது.

துல்லியம் வேறு, உண்மை வேறு

ஹைதராபாத்தில் ஏரியின் எல்லை எனப்படுவது முழு நீர்மட்டக் கோடு. கலிங்கின் உச்சிமட்டம் வரை நீர் நிறைந்தால் அது எந்த இடம் வரை பரவுமோ அந்தக் கோடுதான் எல்லை. அதற்கு வெளியே, பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு 30 மீட்டரும், சிறிய ஏரிகளுக்கு 9 மீட்டரும் காப்புப் பகுதியாக விடப்பட வேண்டும் என்று 2012இன் கட்டட விதிகள் கூறுகின்றன. ஏப்ரல் மாதத்தில் படமெடுத்தால் இந்தக் கோட்டுக்குள் காய்ந்த தரைதான் தெரியும். ஆகவே கலிங்கின் உயரத்திலிருந்து கணக்கிட்டே கோடு வரையப்படுகிறது.

நிலக் கொள்ளையர் இதை நன்றாக அறிவார்கள். கலிங்கை இரண்டடி உடைத்துவிட்டால் முழு நீர்மட்டம் இரண்டடி தாழும். சமதரையான ஏரியில் இரண்டடி தாழ்ந்தால் பல ஏக்கர் வெளியே வந்துவிடும். அதன்பின் எவ்வளவு நவீனமான ட்ரோன் வந்து அளந்தாலும், சுருக்கப்பட்ட ஏரியைத்தான் சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து கொடுக்கும். குற்றத்தின் விளைவுக்கு விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்துவிடும். ஏரியின் உண்மையான பரப்பு பழைய கிராம வரைபடத்திலும், பாசனப் பதிவேட்டிலும், அந்த ஏரி நீரைப் பாய்ச்சியவர்கள், அதில் வலை வீசியவர்கள் ஆகியோரின் நினைவிலும் இருக்கிறது. படத்தை இவற்றோடு ஒப்பிடாமல் வரையப்படும் எல்லை செல்லாது.

துர்கம் செருவு இதற்குச் சான்று. 2024 ஆகஸ்டில் அந்த ஏரியைச் சுற்றியுள்ள 200க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு நோட்டீஸ் அளிக்கப்பட்டது. முதலமைச்சரின் சகோதரர் வீடும் அவற்றில் ஒன்று. ஏரியின் பரப்பு 160 ஏக்கர் என்கிறது அரசு. 65 ஏக்கர்தான் என்று வாதிட்டனர் குடியிருப்போர். ஒரே ஏரிக்கு இரண்டு அளவுகள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. ஆட்சேபங்களை ஏரிப் பாதுகாப்புக் குழு விசாரிக்க வேண்டும் என நீதிமன்றம் கூறியது. ஹைதராபாத் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் 2,500க்கும் மேற்பட்ட நீர்நிலைகளுக்கு முதற்கட்ட அறிவிப்பு மட்டும் வெளியாகி, இறுதி அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்குமாறு 2024 ஜூலையில் உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எல்லை முடிவாகாத ஏரியைப் போல ரியல் எஸ்டேட் முதலாளிகளுக்கு வசதியானது வேறில்லை.

கோடு யார் மீது விழுகிறது?

2024 ஆகஸ்ட் 24 அன்று மாதாப்பூர் தம்மிடிகுண்ட ஏரியில் பிரபல திரைப்பட நடிகர் ஒருவருக்குச் சொந்தமான திருமண அரங்கம் இடிக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தனர். பணமும் செல்வாக்கும் உள்ளவர் மீதும் சட்டம் பாயும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கூக்கட்பள்ளி நல்லசெருவில் கொட்டகை போட்டுச் சிறுதொழில் நடத்திவந்தவர்கள், பொருட்களை எடுக்கவும் அவகாசம் தரவில்லையே என்று புல்டோசர்களின் முன் கதறினார்கள். அமீன்பூர் இடிப்பு தொடர்பான வழக்கில் செப்டம்பர் 30 அன்று ஹைட்ரா ஆணையரிடம் விளக்கம் கேட்ட உயர்நீதிமன்றம், விடுமுறை நாளில் இடிக்க என்ன அவசரம் என்று கேள்வி எழுப்பியது. அதே நாட்களில் மூசிக் கரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் அடையாளம் காணப்பட்டு, வீட்டுச் சுவர்களில் சிவப்பு மையால் குறியிடப்பட்டது. குடியிருக்கும் வீடுகளை இடிப்பதில்லை என்று ஹைட்ரா அறிவித்திருந்தது.

துர்கம் செருவின் மாளிகைக்காரருக்கு நோட்டீஸ், முப்பது நாள் அவகாசம், வழக்கறிஞர், விசாரணை. நல்லசெருவின் கொட்டகைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை புல்டோசர். இருவரும் நின்றது ஏரி எல்லைக்குள்தான் என்று வைத்துக்கொண்டாலும், சட்டம் இருவரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. புல்டோசர் அராஜகத்துக்கு எதிராக 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, நதி, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அந்த நெறிமுறைகள் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே ட்ரோன் படத்தில் வரையப்படும் கோடு வெறும் அளவைக் கோடன்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் பாதுகாப்பு உண்டு. இந்தப் பக்கம் இருந்தால் அதுவும் இல்லை. இவ்வளவு அதிகாரம் படைத்த கோட்டை மூடிய அறைக்குள் கணினித் திரையில் வரைய அனுமதிக்க முடியுமா?

ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்ட ஏழை அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நகரில் வேறெங்கும் அவருக்கு இடமில்லை என்பதால் அங்கே தள்ளப்பட்டார். பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தரகரிடம் கொடுத்து, பதிவுத் துறையில் பத்திரம் பதிந்து, மாநகராட்சிக்கு வரி கட்டி, மின் இணைப்பும் பெற்றவர்கள். லேஅவுட் போட்டு விற்றவரும் அனுமதி வழங்கிய அதிகாரியும் எந்த ட்ரோன் படத்திலும் தென்படுவதில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அந்த ஏழையின் வீடுதான். 2020 அக்டோபர் மழையில் பல்லெ செருவின் கரை உடைந்தபோது உயிரையும் உடைமைகளையும் இழந்தவர்கள் பழைய நகரின் சாதாரண மக்கள். ஏரி பிழைப்பதும் ஏழை பிழைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று காட்டுவது ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி. இரண்டையும் சேர்த்தே காக்க முடியும். மாற்று வீடு, அதுவும் வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில், முதலில் வழங்கப்பட வேண்டும். இடிப்பதென்றால் அதன் பின்னரே.

சட்டத்தில் போடப்பட்ட ஓட்டை

மாநில அரசுகளை மட்டும் குறைகூறி ஒன்றிய பாஜக அரசு தப்பித்துக்கொள்ள முடியாது. 2010இன் ஈரநில விதிகளை நீக்கிவிட்டு மோடி அரசு கொண்டுவந்த 2017 விதிகள், மத்திய ஒழுங்காற்று ஆணையத்தைக் கலைத்தன. பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே அவை விலக்குகின்றன. தக்காணப் பீடபூமியின் செருவுகளும் தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய்களும் மிகப் பெரும்பாலும் மனித உழைப்பால் உருவானவை. வானிலிருந்து பார்த்தால் ஈரநிலம். விதிப் புத்தகத்தில் பார்த்தால் ஈரநிலமில்லை. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் நாட்டில் 2,31,195 உள்ளதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவற்றைத் தரையில் சரிபார்த்து எல்லை குறிக்குமாறு 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. படமெடுப்பது எளிது; அறிவிக்கையில் கையெழுத்திடத்தான் அரசுகளின் கை நடுங்குகிறது.

தெலங்கானாவின் ஆட்சியாளர்களும் இந்த நாடகத்தை மாறி மாறி நடத்தியிருக்கின்றனர். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 84 கிராமங்களைப் பாதுகாத்துவந்த 1996ஆம் ஆண்டு அரசாணை 111ஐ, 2022 ஏப்ரலில் அன்றைய டிஆர்எஸ் அரசு தளர்த்தியது; 2023 மே மாதம் முற்றாக நீக்கவே முடிவெடுத்தது. ஏரிகளைக் காப்பதாகச் சொல்லி வந்த காங்கிரஸ் அரசோ 2025 மார்ச் இறுதியில், தொடர் விடுமுறை நாட்களில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் புல்டோசர்களை இறக்கியது. பாறைகளும் குளங்களும் மயில்களும் நிறைந்த அந்த நிலத்தை ஏலம் விடுவதே நோக்கம். மாணவர்கள் தடியடியையும் கைதையும் எதிர்கொண்டு நின்றனர். மரங்கள் வீழ்வதை மேலிருந்து காட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் தாமாகவே முன்வந்து வேலையை நிறுத்தியது. வானிலிருந்து எடுத்த படம் மக்களின் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் காட்டின. அங்கே அழிவை வெளிப்படுத்தியதும், மூசிக் கரையில் அகற்றலுக்குப் பயன்படுவதும் ஒரே வகைத் தொழில்நுட்பம்தான். யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது அண்டை மாநிலச் செய்தி மட்டுமல்ல. 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு 1,248 ஹெக்டேர். நாட்டிலேயே அதிக ராம்சார் தலங்கள் உள்ள மாநிலம் தமிழ்நாடு என்று பெருமை பேசப்படுகிறது. ஆனால் அந்த 1,248 ஹெக்டேரின் எல்லை தரையில் எங்கே ஓடுகிறது என்பது முடிவாகாத நிலையில், அடுக்குமாடிக் கட்டுமானத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது அம்பலமாயிற்று. எல்லை சரிபார்க்கப்படும் வரை ராம்சார் பகுதியிலும் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் அனுமதி வழங்கக் கூடாது எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் கூறியது. அதன் பின்னர் உயர்நீதிமன்றம் அந்தக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஹைதராபாத்தில் நடந்ததும் சென்னையில் நடந்ததும் ஒன்றே. வரைபடம் இல்லாததால் அல்ல. வரைபடம் மக்கள் கண்ணில் படாததால் நிலம் போகிறது.

வரைபடம் பொதுச் சொத்து

ஏரிகளை அளக்கும் பணி ஒப்பந்தம் மூலம் தனியார் நிறுவனங்களுக்குச் செல்லும் போக்கு வளர்ந்துவருகிறது. 2021இன் ட்ரோன் விதிகளும் 2022இன் தேசியப் புவியிடத் தகவல் கொள்கையும் இதற்குக் கதவைத் திறந்துவிட்டுள்ளன. இன்று ஏரியை அளக்கும் நிறுவனம் நாளை அதன் கரையில் மனை போடுபவருக்கும் ஆலோசகராக இருக்கக் கூடும். ஹைதராபாத்துக்கு இந்த நிலை தேவையே இல்லை. தேசியத் தொலையுணர்வு மையம் பாலாநகரில் இருக்கிறது. 1767இல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் உப்பலில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் பொறியியல் மாணவர்களும் இருக்கின்றனர். பொதுத்துறையின் இந்த ஆற்றலைக் கொண்டு நகரின் ஒவ்வொரு ஏரியையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அளந்துவிட முடியும்.

அளந்தால் மட்டும் ஏரி பிழைக்காது. சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும். ஒரு ஏரியிலிருந்து மறு ஏரிக்கு உபரி நீர் செல்லும் வாய்க்கால்களைத் திறக்க வேண்டும். நடைபாதையும் வண்ண விளக்கும் போட்டு வேலி கட்டுவதை மீட்பு என்று சொல்லக் கூடாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் உரிமையும், நீர் வற்றும் காலத்தில் ஏரிப் படுகையில் பயிர் செய்துவந்த சிறு விவசாயிகளின் உரிமையும் மீட்புத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அவர்கள் அங்கே இருக்கும்வரைதான் ஏரிக்குக் காவல் உண்டு.

ஆகவே பின்வருவன உடனடிக் கோரிக்கைகளாக எழுப்பப்பட வேண்டும். எல்லா நீர்நிலைகளின் ட்ரோன் படங்களும் பழைய கிராம வரைபடங்களும் பொதுவில், அந்தந்த மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். வார்டு சபையிலும் கிராம சபையிலும் அவற்றை விரித்துவைத்து, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே எல்லை இறுதியாக்கப்பட வேண்டும். கலிங்கின் பழைய உயரம் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். மாற்றுக் குடியிருப்பு தராமல் ஒரு ஏழைக் குடும்பமும் அகற்றப்படக் கூடாது. ஏரியை மனையாக்கி விற்றவர்கள், அனுமதியளித்த அதிகாரிகள் ஆகியோரிடமிருந்தே மீட்புச் செலவும் இழப்பீடும் வசூலிக்கப்பட வேண்டும். பாசன ஏரிகளையும் உள்ளடக்குமாறு 2017 விதிகள் திருத்தப்பட வேண்டும்.

கோரிக்கை எழுப்புவதோடு கட்சிக் கிளைகளின் பணி முடிந்துவிடாது. தங்கள் பகுதியின் ஏரி எது, அதன் சர்வே எண் என்ன, கலிங்கு எங்கே இருந்தது, எந்த ஆண்டு உடைந்தது என்பதை ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது ஒவ்வொரு கிளையும் செய்யக் கூடிய வேலை. கிராம வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு விவசாயிகள் சங்கமும் வாலிபர், மாதர் அமைப்புகளும் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வந்தால், அரசின் ட்ரோன் கொண்டுவரும் படத்தைச் சரிபார்க்கும் தகுதி மக்களுக்கு வந்துவிடும். அடுத்த மழைக்கு முன் அந்தப் பணி தொடங்கட்டும்.